பனி ஏரியும் ஒரு ஜோடி பூட்ஸும்

நம் சங்கத்தின் மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த அன்பர்களிடம், "பூட்ஸைப் பற்றி எழுதலாமா?" என்று கேட்டோம். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பனைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ பத்துப் பக்கம் கிடைக்கும் என்று எண்ணி வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். ஆயினும், ஒரு ஜோடிப் பாதுகை பதினான்கு ஆண்டுகள் அயோத்தியை ஆண்ட கதையைப் போற்றும் நாடு இது. பழந்தமிழிலோ காலணிக்குத் 'தொடுதோல்' என்று அழகிய சொல்லே இருக்கிறது. ஆகவே கூச்சத்தை விட்டு எழுதத் துணிந்தோம். இன்னொரு காரணமும் உண்டு. இந்த பூட்ஸ் கதையில் இரண்டு பேருடைய கால்கள் பிழைத்திருக்கின்றன. ஒருவர் நாம், மற்றவர் நம் தந்தையார்.

நாம் பிறந்தது நாகப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு கடற்கரைக் குப்பத்தில். தந்தையார் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். கட்டுமரத்தில் ஏறுகிறவனுக்குச் செருப்பு ஆகாது. நனைந்து வழுக்கும் மரத்தைக் கால்விரல்கள் தாமே பற்றிக்கொள்ள வேண்டும். மார்கழி வாடையிலும் அவர் வெறுங்காலோடுதான் போவார். சித்திரை வெயிலில் கொதிக்கும் மணலிலும் வெறுங்காலோடுதான் நடப்பார். பிற்காலத்தில் கடலுக்குப் போவதை நிறுத்திய பிறகும், முள் தைத்தாலும் கிளிஞ்சல் குத்தினாலும், "என் காலுக்கு ஒண்ணும் தெரியாதுடா" என்று சிரிப்பார். அதை அவர் பெருமையாகவே சொன்னார். நாமும் பெருமையாகவே கேட்டுக்கொண்டோம்.

பி.ஏ. முடித்து, போட்டித் தேர்வெழுதி, மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்த நமக்குக் கடலோடு இருந்த தொடர்பு விடுமுறைப் பயணத்தோடு நின்றுபோயிற்று. தலைநகரில் பல ஆண்டுகள் கோப்புகளோடு காலம் தள்ளியபின், 2022 அக்டோபரில் ஸ்ரீநகருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு, இரண்டு பெட்டி நிறையப் புளியும் மிளகாய்த்தூளும் அப்பளமும் கட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

நம் ஊரில் ஆடிக் காற்று, ஐப்பசி அடைமழை என்று பருவத்துக்குப் பெயர் வைத்திருப்பதுபோல் அங்கே குளிருக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கும் நாற்பது நாட்கள் 'சில்லை கலான்', அதாவது பெரிய குளிர். அதன்பின் இருபது நாட்கள் 'சில்லை குர்த்', சின்னக் குளிர். கடைசிப் பத்து நாட்கள் 'சில்லை பச்சா', குட்டிக் குளிர். பெரிய குளிரில் குழாய்த் தண்ணீர் குழாயிலேயே உறைந்து நிற்கும். தால் ஏரியின் ஓரங்களில் கண்ணாடி போலப் பனி படியும். ஆயினும் மீன் பிடிப்பவர்கள் வீட்டில் இருப்பதில்லை. அஞ்சார் ஏரியில் ஒரு காட்சி கண்டோம். படகுகளில் மீனவர்கள் தலையையும் படகின் ஒரு பகுதியையும் கம்பளியாலும் வைக்கோலாலும் போர்த்திக்கொண்டு அசையாமல் குனிந்திருந்தார்கள். அந்த நிழலில் தண்ணீரின் ஆழம் அவர்கள் கண்ணுக்குத் தெளியும். நிழலை நாடி வரும் மீனை ஈட்டியால் குத்தி எடுப்பார்கள். மணிக்கணக்கில் அப்படியே இருப்பார்கள். குப்பத்தில் பிறந்த நம் உடம்பில் அந்தக் காட்சியைக் கண்டதும் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது.

அலுவலக நண்பர் ஒருவர் தூண்டிலில் பிரியமுள்ளவர். மலை ஓடைகளில் டிரவுட் மீன் முட்டையிடும் பருவமாதலால் பனிக்காலத்தில் அங்கே தூண்டில் போடத் தடை. ஆனால் ஏரியில், 1950-களில் கொண்டுவந்து விடப்பட்டுப் பெருகிய கெண்டையினமும், 'காஷிர் காட்' என்று அவர்கள் வழங்கும் சொந்த மண்ணின் மீனும் உண்டு. அனுமதிச் சீட்டுக்கு அவரே ஏற்பாடு செய்தார். "ஸார், நல்ல பூட்ஸ் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். அந்த 'நல்ல' என்ற சொல்லுக்குப் பொருள் தெரிய நமக்கு மூன்று பனிக்காலங்கள் பிடித்தன.

முதல் பூட்ஸ் தோலால் ஆனது. கடையில் போட்டுப் பார்த்தபோது காலோடு கச்சிதமாகப் பொருந்திற்று. அந்தக் கச்சிதமே முதற்பிழை. குளிருக்குப் பயந்து அதனுள் இரண்டு ஜோடிப் பருத்திக் காலுறைகளையும் திணித்தோம். அது இரண்டாம் பிழை. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் கரையோரச் சேற்றில் முக்காலி போட்டு உட்கார்ந்தோம். தையல் வழியே ஈரம் ஏறத் தொடங்கியது. அரை மணியில் விரல்கள் வலித்தன. ஒரு மணியில் வலி நின்றது. 'பழகிவிட்டது, கடற்கரைக்காரன் கால் அல்லவா' என்று உள்ளூர மகிழ்ந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, மின்சார ஹீட்டரின் முன்னால் காலை நீட்டிக்கொண்டு செய்தித்தாள் படித்தோம். மனைவிதான் சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "என்னங்க, கால் பொசுங்குது, பேப்பர் படிச்சிட்டு இருக்கீங்க!" என்று கத்தினார். குனிந்து பார்த்தோம். வலது கட்டைவிரலின் பக்கத்தில் நெல்லிக்காய் அளவு கொப்புளம். சூடு பட்டதை நாம் உணரவே இல்லை.

மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் புண்ணைப் பார்ப்பதற்கு முன் இரத்தத்தைச் சோதிக்கச் சொன்னார். சர்க்கரை மிக அதிகமாக இருந்தது. பல ஆண்டுகளாகவே இருந்திருக்க வேண்டும் என்றார். பிறகு, வலை பின்னும் தங்கூசி போன்ற ஒரு நைலான் இழையை எடுத்து, நம்மைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் பத்து இடங்களில் தொட்டார். "தொடும்போது சொல்லுங்கள்" என்றார். நாம் அவர் எப்போது தொடங்குவார் என்று காத்திருந்தோம். அவர் முடித்துவிட்டிருந்தார்.

இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் நரம்புகள் கெடும். நீளமான நரம்புகள் முதலில் கெடுவதால் பாதமே முதலில் மரத்துப்போகும். இரத்த ஓட்டமும் குறைவதால் புண் ஆறத் தாமதமாகும். இவையெல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொண்டவை. கடைசியாக அவர் சொன்ன வாசகம் மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது: "உங்கள் கால் இனி உங்களிடம் புகார் செய்யாது. நீங்கள்தான் தினமும் போய் விசாரிக்க வேண்டும்."

அந்தப் புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. படுத்திருந்த நாட்களில்தான் ஓர் இரவு திடுக்கிட்டு எழுந்தோம். 'என் காலுக்கு ஒண்ணும் தெரியாதுடா' என்ற குரல் காதில் ஒலித்தது. விடிவதற்குள் தம்பியைத் தொலைபேசியில் அழைத்து, "அப்பாவின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்" என்றோம். நாத்தழுதழுக்கத் தம்பி திரும்ப அழைத்தபோது மணி ஏழு. தந்தையாரின் வலது காலில் சுண்டுவிரலுக்கு அடியில் கிளிஞ்சல் துண்டு ஒன்று புதைந்து, சீழ் கட்டிக் கறுத்திருந்தது. அதன்மேல்தான் அவர் எத்தனையோ நாட்களாக நடந்துகொண்டிருந்திருக்கிறார். மருத்துவர்கள் சுண்டுவிரலை எடுத்தார்கள், பாதத்தைக் காப்பாற்றினார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் கணுக்காலோடு போயிருக்கும் என்றார்களாம். அவருக்கும் சர்க்கரை, அதுவரை எவரும் சோதித்ததில்லை.

இதன்பின் மீன்பிடித்தலை விட்டிருக்கலாமே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். மனைவியும் கேட்டார். ஆனால் நாம் அதை மருத்துவரிடம் கேட்டோம். "போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். காலை நம்பிப் போகாதீர்கள், கண்ணையும் கடிகாரத்தையும் நம்பிப் போங்கள்" என்றார். இந்தத் தீர்ப்பில் நமக்குச் சாதகமான பகுதியை மட்டும் முதலில் வீட்டில் அறிவித்தோம்.

இரண்டாம் பனிக்காலத்துக்கு, முழங்கால் வரை உயர்ந்த சாதாரண ரப்பர் கம் பூட்ஸ் வாங்கினோம். ஒரு சொட்டு நீர் உள்ளே வராது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். ஆனால் ஏரியிலிருந்து திரும்பிக் கழற்றிப் பார்த்தால் காலுறை பிழியும் அளவுக்கு நனைந்திருந்தது. குளியலறையில் அந்த பூட்ஸினுள் தண்ணீர் ஊற்றி ஓரிரவு முழுவதும் தொங்கவிட்டோம். வெளியே ஒரு துளியும் கசியவில்லை. இந்த மர்மத்தை விடுவித்தவர், தம் படகில் நம்மை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்திருந்த ஒரு முதிய மீனவர். அவரை 'சாச்சா' என்றே அழைப்போம். "பாபுஜி, அந்தத் தண்ணீர் ஏரியிலிருந்து வரவில்லை, உங்களிடமிருந்துதான் வருகிறது" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார்.

உண்மைதான். பேருந்து நிறுத்தத்திலிருந்து கரை வரை ரப்பர் பூட்ஸோடு வேகமாக நடந்தால் கால் வியர்க்கும். ரப்பர் வெளிநீரை உள்ளே விடாததுபோலவே உள்நீரையும் வெளியே விடாது. பிறகு அசையாமல் உட்காரும்போது அந்த வியர்வையே குளிர்ந்து காலைக் கவ்வும். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கும் மேலாக வெப்பத்தை இழுத்துச் செல்லும் என்பதை விஞ்ஞானப் பாடத்தில் படித்திருந்தும் நமக்கு உறைக்கவில்லை. சாச்சாவின் வழக்கம் வேறு. பழைய செருப்போடு கரை வரை வருவார். அங்கே கால் துடைத்து, உலர்ந்த கம்பளிக் காலுறை மாட்டி, அதன்பின் பூட்ஸில் காலை நுழைப்பார். அவருடைய பூட்ஸும் வெறும் ரப்பர்தான். ஆனால் ஓர் அளவு பெரியது. அதன் அடியில் 'நம்தா' என்னும் கம்பளி விரிப்பின் பழந்துண்டு ஒன்றைப் பாத வடிவில் வெட்டிப் போட்டிருந்தார். நெய்யாமல், கம்பளி மயிரை ஈரமாக்கி அழுத்தித் திரட்டிச் செய்யும் விரிப்பு அது. அதன் இழைகளுக்கிடையே அடைபட்ட காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. படகின் அடித்தட்டிலும் உலர்ந்த வைக்கோல் பரப்பியிருந்தார். "குளிர் மேலிருந்து வரும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், அது கீழிருந்து ஏறுகிறது" என்பார். அவர் ஃபிரன் அங்கிக்குள் காங்ரி என்னும் நெருப்புச் சட்டி எப்போதும் இருக்கும். உடம்பு சூடாக இருந்தால்தான் கால் வரை சூடான இரத்தம் போகும் என்பது அவர் கணக்கு. நம் கால் சூட்டை அறியாது என்று சொன்னபின், காங்ரியை நம் பக்கம் நகர்த்தியதே இல்லை. தம் கம்பளியில் பாதியைத்தான் நகர்த்தினார்.

இப்பாடங்களையெல்லாம் கற்றுக்கொண்டு 2024 இலையுதிர் காலத்தில் மூன்றாம் முறையாகக் கடைக்குப் போனோம். இம்முறை ஒரு கோப்பைத் தயாரிப்பதுபோல முறையாகச் செய்தோம். கால் பகலில் சற்றே வீங்கும். ஆதலால் மாலையில் போனோம். ஏரியில் போடப்போகும் காலுறைகளையே, அதாவது மெல்லியது ஒன்றும் தடித்த கம்பளி ஒன்றும், பையில் கொண்டுபோனோம். பருத்தியை வீட்டிலேயே விட்டோம். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குளிரும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு வெதுவெதுப்பைத் தரும். இவற்றுக்கெல்லாம் மேலாக மருத்துவர் கற்பித்த உபாயம் ஒன்று. பழைய நாட்காட்டித் தாளின்மேல் காலுறையணிந்து நின்றோம். மகள் பென்சிலால் இரண்டு பாதங்களின் விளிம்பையும் வரைந்து கத்தரித்துக் கொடுத்தாள். அந்தத் தாள் பாதத்தை பூட்ஸினுள் நுழைக்க வேண்டும். தாள் எங்கேனும் மடங்கினால் அந்த இடத்தில் பூட்ஸ் காலை நெரிக்கும் என்று பொருள். வலியை அறியாத காலுக்கு இறுக்கத்தைச் சொல்லக்கூடிய சாட்சி அந்தத் தாள் ஒன்றே.

கடைக்காரர் பொறுமைசாலி. ஐந்து ஜோடிகளில் தாள் மடங்கியது. ஆறாவது ஜோடியில் நேராகப் படுத்தது. நீண்ட விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடமும் இருந்தது. குளிருக்குப் பயந்து இறுக்கமாகப் போடுகிறவன் இரத்த ஓட்டத்தையும் நெரித்து, வெப்பம் காக்கும் காற்றையும் வெளியேற்றிவிடுகிறான். மிகப் பெரிதாக இருந்தாலோ கால் உள்ளே வழுக்கி உராய்ந்து புண்ணாகும். பூட்ஸை இரண்டாக வளைத்துப் பார்த்தோம். சில மலிவான வகைகள் குளிரில் விறைத்துப் போய், மடிப்பில் வெடிக்கும். நல்ல ரப்பர் இளகி நிமிரும். முன்புறம் இரும்பு மூடி வைத்ததை ஒதுக்கினோம். இரும்பு காலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சும். உட்புறக் கம்பளிப் பகுதி தனியே உருவி எடுக்கக்கூடியதா என்று பார்த்தோம். உருவ முடிந்தால்தான் முழுதும் உலரும். மாற்றுக்கு இன்னொன்றும் வைத்துக்கொள்ளலாம். அடிப்பகுதி தடித்து, ஆழமான வெட்டுகளோடு இருந்தது. கடைசியாகக் கையை உள்ளே விட்டு, மூலை முடுக்கெல்லாம் தடவித் தையல் முடிச்சோ ஆணி முனையோ உண்டா என்று தேடினோம்.

பெட்டியின்மேல் 'மைனஸ் 40 டிகிரி வரை' என்று அச்சிட்டிருந்தது. "இது நடக்கிறவனுக்கா, உட்கார்ந்திருக்கிறவனுக்கா?" என்று கேட்டோம். கடைக்காரர் சற்று யோசித்து, "வாங்குகிறவனுக்கு, ஸாஹிப்" என்றார். நேர்மையான விடை. பூட்ஸ் அடுப்பல்ல, உடம்பு உண்டாக்கும் வெப்பத்தைப் போகவிடாமல் காக்கும் வேலைக்காரன்தான். நடப்பவனுக்குப் போதிய பூட்ஸ், தூண்டிலோடு அசையாமல் இருப்பவனுக்குப் போதாது. பெட்டியில் எந்த எண் இருந்தாலும் இதை மறக்கக் கூடாது.

அந்த ஆண்டு சில்லை கலான் பிறந்த டிசம்பர் 21-ஆம் நாள் அதிகாலையில் ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி, ஐம்பது ஆண்டுகளில் டிசம்பர் மாதத்தில் காணாத குளிர் என்றார்கள். ஏரியின் மேற்பரப்பில் பல இடங்களில் பனிப்பாளம். அன்று போகவில்லை. உறைந்த ஏரியில் நடக்கத் துணிபவர்களைக் கண்டால் சாச்சா கூச்சலிடுவார். எந்த பூட்ஸும் அங்கே உதவாது. ஜனவரியில் பாளம் விலகி வெயில் அடித்த ஒரு ஞாயிறன்று போனோம். முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஒலிக்குமாறு மனைவி கைபேசியில் மணி வைத்து அனுப்பியிருந்தார். மணி அடித்ததும் கரைக்குத் தள்ளச் சொல்லி, இறங்கிச் சற்று நடப்போம். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை காலைக் கழற்றி, நிறம் வெளுத்திருக்கிறதா சிவந்திருக்கிறதா என்று கண்ணால் பார்ப்போம். மீன்களுக்கும் குளிர்தான், ஆழத்தில் தண்ணீர் சுமார் நான்கு டிகிரியில் நிற்க, அங்கே மந்தமாகக் கிடக்கும். மூன்று மணி நேரத்தில் இரண்டு கெண்டைகள் கிடைத்தன. அன்று மாலை அவை புளிக்குழம்பில் வெந்தன. சாச்சாவுக்கு ஒரு பாத்திரம் அனுப்பினோம். புளிப்பு அதிகம் என்று சொல்லியனுப்பினார். பாத்திரம் காலியாகத்தான் திரும்பி வந்தது.

பூட்ஸை உலர்த்துவதில் ஒரு குடும்பச் சிக்கல் எழுந்தது. ஹீட்டர் அருகே வைத்தால் ரப்பர் வெடிக்கும். ஆதலால் உள்ளே செய்தித்தாளைச் சுருட்டி வைத்து ஈரத்தை உறிஞ்சவிடுவதே முறை. ஊரிலிருந்து வந்த தமிழ்ப் பத்திரிகையை எடுத்தோம். "சரஸ்வதியைச் செருப்புல திணிக்கிறீங்களா?" என்றார் மனைவி. ஆங்கிலத் தாளை எடுத்தோம். "அப்பா, அதுவும் எழுத்துதானே?" என்றாள் மகள். வழக்கு பழைய துண்டு ஒன்றின் பக்கம் தீர்ப்பாயிற்று.

இனி ஊர்ச் செய்தி. விரல் எடுத்தபின் தந்தையாருக்கு மருத்துவமனையில் எம்.சி.ஆர். செருப்பு கொடுத்தார்கள். மரத்துப்போன பாதங்களுக்கென்றே மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செய்வது. அவர் அதைப் பரணில் வைத்துவிட்டார். "அறுபது வருஷமா கடலும் மணலும் என் காலைப் பாத்துக்கிச்சு" என்று தம்பியிடம் வாதிட்டிருக்கிறார். நாம் தொலைபேசியில் கெஞ்சினோம், கோபித்தோம், பயனில்லை.

படகில் போன அன்று நண்பர் எடுத்த புகைப்படத்தைத் தம்பியின் கைபேசிக்கு அனுப்பியிருந்தோம். வைக்கோலில், முழங்கால் வரை பூட்ஸோடு, கம்பளிக்குள் மூட்டைபோல் நாம். மறுநாள் தந்தையாரே அழைத்தார்.

"படகுல பூட்ஸா?" என்றார்.

"ஆமாம் அப்பா."

"மரத்தை எப்படிடா கால் புடிக்கும்?"

"எனக்குக் கால் புடிக்கிறதே தெரியாதுப்பா. அதனாலதான்."

நெடுநேரம் பேச்சில்லை. கடல் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, "மீன் என்ன கிடைச்சுது?" என்று கேட்டார். கெண்டை என்றோம். "ஆத்து மீன்" என்று இளக்காரமாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரமே செருப்பு பரணிலிருந்து இறங்கியது என்று தம்பி சொன்னான். அலை தொடும் இடம் வரை அதைப் போட்டுக்கொண்டு போகிறாராம். அங்கே கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்து நிற்கிறாராம். மறுபடி போட்டுக்கொண்டு திரும்புகிறாராம்.

மூன்று பனிக்காலம் கழித்து நாம் மாற்றலாகி மீண்டும் இந்நகருக்கே வந்துவிட்டோம். பூட்ஸைச் சாச்சாவிடமே கொடுத்துவிட்டோம். அவருக்கு அது சரியாகப் பொருந்திற்று. இங்கே ஏரியில்லை, தூண்டிலுக்கு வேலையுமில்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு ஒரு வழக்கம் நிற்கவில்லை. கண்ணாடியைக் கீழே வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறோம், பிறகு ஊருக்கு அழைத்து, "கால் பாத்தியாப்பா?" என்கிறோம். "நீ பாத்தியா?" என்பார் அவர்.

இந்நகரக் குளிரில் ஹீட்டருக்கு முன்னால் காலை நீட்டிக்கொண்டு இம்மலரைப் படிக்கும் அன்பர் எவரேனும் இருப்பின், அருள்கூர்ந்து காலைச் சற்றே உள்ளிழுத்துக்கொள்ளுங்கள். ஊரில் செருப்பில்லாமல் நடந்து பழகிய பெரியவர் எவரேனும் இருப்பின், இன்றே அழைத்து விசாரியுங்கள்.